படுத்திருப்பவன் பங்கு

துபாயில் என் கைப்பேசி தினமும் காலையில் என்னைப் ‘பார்ட்னர்’ என்று கூப்பிட்டுத்தான் எழுப்புகிறது. குட் மார்னிங் பார்ட்னர், இன்று வெயில் கடுமை, நிறையத் தண்ணீர் குடியுங்கள் பார்ட்னர், மதியம் ஆர்டர்கள் குவியும், தயாராக இருங்கள் பார்ட்னர். கல்யாணமான புதிதில் என் மனைவிகூட என்னிடம் இத்தனை அக்கறையாகப் பேசியதில்லை. இப்படி உபசரிக்கப்பட்டு எழுந்தவன், கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு, பைக்கின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஏதாவது ஒரு வானளாவிய கட்டடத்தின் பின்வாசலில் போய் நிற்பேன். முன்வாசலில் பளிங்குத் தரை, பூச்சாடி, குளிர்ந்த காற்று எல்லாம் உண்டு. அது அங்கே குடியிருப்பவர்களுக்கு. அவர்களுடைய சாப்பாட்டுக்கும் அதைக் கொண்டு போகிறவனுக்கும் குப்பைத் தொட்டிகள் ஏறி இறங்கும் லிஃப்ட். ஒருநாள் அந்தத் தொட்டிகளுக்கு நடுவே நின்று, பொரித்த ஹமூர் மீன் ஒன்றை ஏதோ உச்சி மாடிக்குக் கொண்டு போனேன். ஹமூர் என்றதும் மிரள வேண்டாம், நம் ஊர்க் களவாதான். எங்கள் குடும்பத்தில் அதைப் பிடித்தவர்கள் உண்டு, விற்றவர்கள் உண்டு, குழம்பு வைத்துத் தின்றவர்கள் நிறைய உண்டு. பொரித்ததை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கதவைத் தட்டிய முதல் ஆள் நான்தான். கதவைத் திறந்த பெண்மணி மீனை வாங்கிக்கொண்டு, அவருடைய கால்விரிப்பை நான் மிதித்துவிட்டேனா என்று ஒருமுறை குனிந்து பார்த்தார்.

என் பெயர் கிளீட்டஸ். குளச்சலுக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊர். நாகர்கோவிலில் பி.ஏ. பொருளாதாரம் படித்தேன். முதல், உழைப்பு, லாபம் என்று மூன்று வருடம் மனப்பாடம் செய்துவிட்டு, வேலை கிடைக்காமல் அப்பாவின் வள்ளத்தில் சில வருடம் கடலுக்குப் போனேன். பிறகு எல்லாரையும் போலத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினேன். இங்கே எங்கள் அறையில் ஆறு பேர். ஆறு பேரும் நம் கரைக்காரர்கள், ஆறு பேரும் சாப்பாடு கொண்டு போகிறவர்கள். எங்களுக்குச் சம்பளம் கிடையாது. ஓடினால் ஓட்டத்துக்கு உண்டு, நின்றால் ஒன்றும் இல்லை. பைக் வாடகை மட்டும் நாம் ஓடினாலும் நின்றாலும் ஓடிக்கொண்டிருக்கும். எங்களோடு சேர்ந்த பாகிஸ்தான்காரர்களும் வங்காளதேசத்துக்காரர்களும் இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் முகம் சுளித்தார்கள். நாங்கள் ஆறு பேர் மட்டும் சந்தோஷப்பட்டோம் என்று சொன்னால் நம்புவீர்களா?

கடலோரம் வாழாதவர்களுக்கு இது புரிய வேண்டுமென்றால் கடற்கரையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒருவனைப் பார்த்து ‘கூலிக்காரன்’ என்று சொல்லிவிட்டு அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கக்கூடாது. வயலில் கூலி உண்டு, ரப்பர் தோட்டத்தில் கூலி உண்டு, மயிலாடியில் கல் கொத்துகிற இடத்திலும் கூலி உண்டு. கடலில் கூலி கிடையாது, பங்குதான். கிடைத்த மீனை விற்று, எண்ணெய்ச் செலவைக் கழித்து, கோயிலுக்கு ஒரு பாகம் எடுத்துவைத்து, வள்ளத்துக்கும் வலைக்கும் உள்ளதை ஒதுக்கி, மிச்சத்தைக் கடலுக்குப் போனவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். மீன் இல்லாத நாளில் வெறுங்கையைப் பிரித்துக்கொள்வார்கள். பசி கிடந்தாலும் நான் யாருக்கும் வேலைக்காரன் இல்லை என்கிற வீறாப்பில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் நாங்கள். அதனால், சம்பளம் இல்லை, நீங்கள் எங்கள் பார்ட்னர் என்று கம்பெனி சொன்னபோது, பரவாயில்லை, இந்த ஊரில் நம்மைத் தெரிந்த ஒரு முதலாளி இருக்கிறார் என்று நினைத்துவிட்டோம். இந்தத் தவறை எங்கள் கரையில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

அந்தப் பங்கில் ஒரு கிளை வழக்கம் உண்டு. வள்ளத்தில் போகிற ஒருவன் நோயிலோ அடிபட்டோ படுத்துவிட்டால், அவன் எழுந்திருக்கும்வரை அவனுடைய பங்கு வீட்டுக்கு வரும். நான் பள்ளிக்கூடம் போகும்போது அப்பாவுக்கு மஞ்சள்காமாலை வந்து நார்க்கட்டிலில் சாய்ந்துவிட்டார். வள்ளம் கரையேறிய பிறகு யாராவது ஒருவர் எங்கள் வீட்டு முற்றத்தில் பங்குக் காசோடு கறிக்குள்ள மீனையும் வைத்துவிட்டுப் போவார். எங்கள் அம்மா அதைப் பார்த்து நெகிழ்ந்து கண்ணீர் விட்டாள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அவள் வாளியைக் கிண்டிப் பார்த்து, “பெரிய சாளையெல்லாம் அவனவன் வீட்டுக்கு, எனக்கு இந்தப் பொடியா?” என்று தெருவுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டாள். மறுநாள் பெரிய சாளை வந்தது. தருமம் என்றால் அவளால் இப்படிச் சத்தம் போட்டிருக்க முடியாது. வந்தது பங்கு. பங்கைப் பற்றிக் குறை சொல்ல உரிமை உண்டு.

ஜெரோம் என் அறைக்காரன், என் வயது, ஒரே ஊர், அப்பாவின் வள்ளத்தில் என்னோடு கடலுக்கு வந்தவன். ஒரு மதியம் ரவுண்டானாவில் ஒரு கார் அவனை இடித்துத் தள்ளியது. பெட்டியிலிருந்த பிரியாணி சாலையெல்லாம் சிதறி, அதன் நடுவில் இவன் கிடந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிச் செலவை இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது, அதைக் குறை சொல்லக்கூடாது. பிரச்சினை அதற்குப் பிறகுதான். கட்டுப் போட்டுக்கொண்டு அறைக்கு வந்து படுத்தவனுக்குக் கட்டில் வாடகை யார் கொடுப்பது, ஊரில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் யார் அனுப்புவது? அவனுடைய கைப்பேசி மட்டும் அவனை மறக்கவில்லை. “உங்களைக் காணோமே பார்ட்னர்! இப்படியே போனால் உங்கள் மதிப்பெண் குறைந்துவிடும்” என்று தினமும் செல்லமாகக் கடிந்துகொண்டது.

அறையில் உட்கார்ந்து பேசினோம். எல்லாரையும்விட மூத்த சேவியர் அண்ணன் சொன்னார்: “இதுல பேசதுக்கு என்ன இருக்கு? நம்ம பார்ட்னர் இல்லியா? அப்பம் படுத்திருக்கவனுக்கப் பங்கு கம்பெனிதான தரணும். போயிக் கேப்போம்.” மறுநாள் ஐந்து பேரும் குளித்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். எங்கள் டீம் லீடர் ஒரு லெபனான்காரர், நல்ல மனிதர், எப்போதும் சிரித்த முகம். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவன் என்பதால் நான் பேசினேன்.

“ஜெரோம் படுத்திருக்கிறான் சார். அவனுடைய பங்கை வாங்க வந்தோம்.”

“என்ன பங்கு?”

“அவன் பார்ட்னர்தானே?”

“நிச்சயமாக!” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நீங்கள் எல்லாருமே பார்ட்னர்கள்.”

“அதுதான் சார். எங்கள் ஊரில் ஒருவன் விழுந்துவிட்டால், வள்ளம் அவன் பங்கைக் கொடுக்கும்.”

“எந்த வள்ளம்?” என்று அவர் கேட்டார். கம்பெனிதான் வள்ளம் என்று நான் விளக்கினேன். கம்பெனியிடம் படகு எதுவும் இல்லை, மோட்டார் பைக் மட்டும்தான் இருக்கிறது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நான் மறுபடியும் ஆரம்பித்தேன். கடல், வலை, எண்ணெய்ச் செலவு, கோயில் பாகம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார், கண்கூடக் கலங்கிவிட்டது. பிறகு தன் சட்டைப் பையிலிருந்து பணப்பையை எடுத்துத் தன் சொந்தப் பணத்திலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார். சேவியர் அண்ணன் ஒரு அடி பின்னால் போனார். “நம்ம பிச்சைக்கு வந்திருக்கோம்னு நெனச்சிட்டாரு மக்கா, வாங்காத” என்றார் என்னிடம். நான் வாங்கவில்லை. டீம் லீடருக்கு மனம் நொந்துவிட்டது. தொழிலாளி என்றால் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு, நீங்கள் பார்ட்னர்கள், சுதந்திரமானவர்கள், உங்களுக்கு நீங்களே பொறுப்பு என்று எங்களுக்குப் புரிகிற மாதிரி நிதானமாக எடுத்துச் சொன்னார். மூன்று வருடம் பொருளாதாரம் படித்து எனக்கு ஏறாத ஒரு பாடம் அன்றைக்கு அந்த ஏசி அறையில் ஏறியது.

பிறகு என்ன, வழக்கத்தை நாங்களே நடத்தினோம். ஐந்து பேரும் ஓடிக் கிடைத்ததை ஆறாகப் பிரித்தோம். கம்பெனியின் பாகத்தைக் கம்பெனி முன்கூட்டியே எடுத்துவிட்டுத்தான் எங்களுக்குத் தருகிறது என்பதால் அதில் கை வைக்க வழியில்லை. விஷயம் எப்படியோ டீம் லீடருக்குத் தெரிந்து, ஒரு வெள்ளிக்கிழமை கேக் வாங்கிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார். ஜெரோமின் கட்டுப்போட்ட காலைச் சுற்றி எங்களை நிற்க வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படம் கம்பெனியின் இணையப் பக்கத்தில் வந்தது. ‘எங்கள் குடும்பத்தில் யாரும் தனியாக இல்லை’ என்று கீழே எழுதியிருந்தது. லட்சக்கணக்கான பேர் பார்த்து இதயம் போட்டார்களாம். பங்கு போட்டது நாங்கள், பேர் வாங்கியது அவர்கள். எனக்கு அதைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பொறுக்க முடியாதது ஜெரோம்தான். நாங்கள் கொடுத்ததைக் குனிந்த தலையோடு வாங்கி, ‘ஒங்களுக்குப் பாரமாப் போச்சு’ என்று ஒவ்வொரு தடவையும் சொன்னான். எங்கள் அம்மாவைப் போல ஒருமுறையாவது ‘இவ்வளவுதானா’ என்று அவன் சத்தம் போட மாட்டானா என்று ஏங்கினேன். கால் ஊன்றி நடக்கும்படி ஆனதும் அவன் ஊருக்குப் போய்விட்டான். கடலுக்குப் போக அந்தக் கால் ஒத்துழைக்கவில்லை. துறைமுகத்தில் கிழிந்த வலைகளைச் சரிசெய்து கொடுக்கிற வேலையில் உட்கார்ந்தான்.

இந்த வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். ஊரில் இறங்கியதும் என் அந்தஸ்து ஒரேயடியாக உயர்ந்துவிடும். காரணம், அங்கே நான் விசைப்படகு முதலாளி. முழுப் படகு என்று நினைத்துவிடாதீர்கள். என் அக்கா கணவர் வின்சென்ட் அத்தானும் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய ‘சகாய மாதா’வில் நால்வரில் ஒருவன். லிஃப்டில் குப்பைத் தொட்டியோடு ஏறிச் சேர்த்த காசெல்லாம் அதில்தான் கிடக்கிறது. வட்டக்கோட்டை பார்க்கப் போன வழியில் உறவினர் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தபோது, கடைக்காரர் என்னை ‘மொதலாளி’ என்று கூப்பிட்டார். எனக்கு ஒருமாதிரி கூச்சமாக இருந்தது, ஆனாலும் திரும்பிப் பார்த்தேன்.

படகில் போவதற்கு இப்போது நம் ஆட்கள் கிடையாது. நம் ஆட்கள் எல்லாம் என்னைப்போல வெளிநாட்டில் பார்ட்னர்களாக இருக்கிறார்கள். அதனால் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள்தான் எங்கள் படகில் வலை இழுக்கிறார்கள். அவர்களுக்குப் பங்கு இல்லை, மாதச் சம்பளம். கரையில் நூறு வருடமாகக் கெட்ட வார்த்தையாக இருந்த ஒன்றை ஒடிசாக்காரர்களுக்காக அனுமதித்திருந்தோம்.

நான் வந்தது தெரிந்து ஜெரோம் காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். டீ குடித்தான். துபாய் வெயிலை விசாரித்தான். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தான்.

“ஏலே மக்கா, ஒனக்க போட்டுல நிரஞ்சன்னு ஒருத்தன் உண்டும். ஒடிசாக்காரன். போன மாசம் அவனுக்க கை வல இழுக்குற விஞ்சில மாட்டிச்சு. மூணு வெரலு போச்சு. கேட்டியா?”

கேட்கவில்லை. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

“ஆஸ்பத்திரிச் செலவு ஒனக்க அத்தான் குடுத்தாரு. அது செரி. இப்பம் ஷெட்டுல படுத்துக் கெடக்கான். சோலி இல்ல, சம்பளம் இல்ல. அவனுக்க ஊருல மூணு உசிரு இவனுக்க காச நம்பி இருக்கு. எனக்க பக்கத்துல வந்து இருந்து, எடது கையால வல பிடிச்சுத் தாறான். நீ மொதலாளி இல்லியா? பேசு.”

“நீ அத்தான்கிட்ட நேரா பேசிருக்கலாமே?” என்றேன்.

“நான் பேசினேன் மக்கா. நீ யாருலே பேசதுக்குன்னு கேட்டாரு. நான் ஒனக்க அப்பனுக்க வள்ளத்துல போனவன், இந்த போட்டுல எனக்கு ஒண்ணும் இல்லியே.”

அவன் சொன்னதில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் குத்தியது.

அன்று சாயங்காலமே ஷெட்டுக்குப் போனேன். ஐஸ் பெட்டிகள் அடுக்கிய சுவருக்குப் பக்கத்தில் பாய் விரித்து நிரஞ்சன் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். யாரோ அவரிடம் நான் முதலாளி என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டுப்போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, தெரிந்த இந்தியில், “கை சரியாகிவிடும் சார், அடுத்த மாதம் படகில் போய்விடுவேன்” என்றார். மூன்று விரல்கள் இல்லாத கை சரியாகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னைப் பார்த்து ஒருவர் கையை மறைப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. இது எனக்கு வேண்டாம், நான் அந்த மாதிரி ஆள் இல்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது.

அத்தான் வீட்டில் நான்கு பங்குதாரர்களும் கூடினோம். அக்கா பழம்பொரி சுட்டு வைத்தாள். அத்தானைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். என் அப்பா இறந்தபோது எங்கள் வீட்டை ஒரு வருடம் தாங்கியவர் அவர். வாங்கிய கடனில் மூழ்கிவிடாமல் அந்தப் படகை ஓட்டுவதே பெரும்பாடு என்பதும் உண்மை.

“அத்தான், நிரஞ்சன் படுத்திருக்கான். படுத்திருக்கவன் பங்கு நம்ம குடுக்கணும்” என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “மக்கா, அது பங்குக்காரனுக்குள்ள வழக்கம். அவன் சம்பளக்காரன். சம்பளக்காரனுக்கு எங்கயாவது பங்கு உண்டா?”

“அப்பம் சம்பளமாவது குடுங்க.”

“சோலி செய்யாத ஆளுக்குச் சம்பளமா? ஒனக்க கம்பெனிக்காரன் குடுப்பானா?”

“குடுக்க மாட்டான்” என்றேன். “நாங்க பார்ட்னராம்.”

“பின்ன?” என்று அத்தான் பழம்பொரியை எடுத்தார்.

மற்ற இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். லெபனான்காரர் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கியதை அத்தான் குளச்சல் தமிழில் விளக்கினார், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே பங்குக்காரன் என்பதால் சம்பளம் இல்லை, இங்கே சம்பளக்காரன் என்பதால் பங்கு இல்லை. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் யாரோ, விழுந்தவன் எந்தப் பக்கம் விழுந்தாலும் தன் மேல் விழாதபடி பார்த்துக்கொண்டிருக்கிறான். என்ன, இந்தத் தடவை அவன் நிற்கிற இடத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன், கையில் பழம்பொரியோடு.

வெகுநேரம் பேசினேன். குரல் உயர்ந்தது. அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். “செரி. எனக்குள்ள பங்க அவனுக்குக் குடுத்திருங்க. அவன் எழும்புறது வர.”

சட்டென்று எல்லார் முகத்திலும் வெளிச்சம் வந்தது. ஒருவர் என் தோளைத் தட்டினார். அத்தானுக்குக் கண் கலங்கியே விட்டது. “ஒனக்கு ஒனக்க அப்பனுக்க மனசு” என்றார். பிறகு உஷாரானார். “ஆனா ஒண்ணு மக்கா. கணக்குல பேரு ஒனக்க பேருதான் இருக்கணும், கேட்டியா? நிரஞ்சன்னு வாசிச்சா, நாளைக்கு எல்லாவனும் பங்குன்னு வந்து நிப்பான். கிளீட்டஸ்னு வாசிக்கட்டும், அவன் வந்து வாங்கிட்டுப் போட்டும்.”

வெளியே காத்திருந்த ஜெரோமிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்தான். “அங்கயும் நம்ம கையிலயிருந்து, இங்கயும் நம்ம கையிலயிருந்து. நீ தொழிலாளியாவும் தோத்த, மொதலாளியாவும் தோத்தியே மக்கா.” நானும் சிரித்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது.

விடுமுறை முடிந்து திரும்பி வந்துவிட்டேன். போன சனிக்கிழமை ஒரு உணவகத்தின் பக்கவாட்டு வாசலில் மற்ற டெலிவரிக்காரர்களோடு ஆர்டருக்காக நிற்கும்போது ஜெரோம் கூப்பிட்டான். துறைமுக ஷெட்டில் அன்றைக்குத்தான் பங்கு வைத்தார்களாம். கணக்கர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டிருக்கிறார். வின்சென்ட் என்றதும் அத்தான் போய் வாங்கினார். அடுத்து கிளீட்டஸ் என்று கூப்பிட்டார். கூட்டத்தில் இருந்தவர்கள், நான் ஊரில் இல்லையே என்று திரும்பிப் பார்த்தார்களாம். “பொறத்த நின்ன நிரஞ்சன் அந்தக் கட்டுப்போட்ட கையத் தூக்கி, ‘ஆமா, கிளீட்டஸ்’னான் மக்கா. எனக்குச் சிரிப்பும் வந்து, கரச்சிலும் வந்து” என்றான் ஜெரோம்.

நிரஞ்சன் என் பெயரைச் சரியாக உச்சரித்தாரா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவன் பதில் சொல்வதற்குள் உணவகத்தின் சின்ன ஜன்னல் திறந்தது. உள்ளே இருந்தவர் பொட்டலத்தை வெளியே வைத்துவிட்டு, எங்கள் கூட்டத்தைப் பார்க்காமலே ஒரு எண்ணைக் கூப்பிட்டார். நான் கையைத் தூக்கினேன்.